பொடி எழுத்துப் பெயர்கள்



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு, அமெரிக்காக்காரன் குதித்துக் குதித்துப் பாடிய ராக் அண்ட் ரோல் பாட்டுச் சங்கதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பதினோரு வயதுப் பெண்பிள்ளைக்கு நான் செய்த பிழையை எனக்கு உணர்த்தியவை அந்தப் பாட்டுகள்தாம். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள்.

சென்ற ஆண்டு என் தகப்பனார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் எல்லாரும் போன பிறகு, வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அப்பாவின் கட்டிலுக்கடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. திறந்து பார்த்தால், பழைய நாளிதழ்த் தாளில் பத்திரமாகச் சுற்றிய பதினோரு இசைத்தட்டுகள்! பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்பா தம் பதினாறாவது வயதில் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் குசினி வேலைக்குச் சேர்ந்தவர். பாத்திரம் கழுவுவது, விறகு பிளப்பது, துரையின் நாயைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் வேலை. துரைக்கு அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டென்றால் உயிராம். சில ஆண்டுகள் கழித்து அவர் ஊருக்குத் திரும்பியபோது, பாட்டுப் பெட்டியையும் இந்தத் தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் மாலை ஆறு மணிக்கு மின்சாரம் வரும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் அரை மணி நேரமாவது எங்கள் வீட்டில் இந்தத் தட்டுகள் சுழலும். "காட்டுக் கத்தலா இருக்கே, ஒரு சாமி பாட்டு போடக்கூடாதா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தம் போடுவார். அப்பா சிரித்துக்கொண்டே ஒலியைக் குறைப்பார், நிறுத்தமாட்டார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று துரையிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒரு நாள் என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தட்டைக் காட்டினார்.

"தம்பி, இங்க பாரு. பெரிய எழுத்துல இருக்கிறது பாடினவன் பேரு. பாட்டுப் பேருக்கு அடியில பொடி எழுத்துல ஒரு பேரு இருக்குல்ல? அவன்தான் பாட்டைக் கட்டினவன். எல்லாரும் பெரிய எழுத்தைப் பார்ப்பாங்க. நீ பொடி எழுத்தையும் படிக்கணும்."

அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பிய பிறகு, விளங்கிக்கொள்ளும் ஆசையும் போய்விட்டது. வாத்தியார் வீட்டில் இந்தக் கூச்சல் எதற்கு என்று நானே அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டுகளைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவற்றை வெளியில் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா போன பிறகுதான் அந்தப் பொடி எழுத்துகளைப் படித்தேன். யார் இவர்கள் என்று மூன்று மாதம் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் மனம் அமைதி இழந்தது.

முதலில், முதலிடம் என்பது அங்கே எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 'பில்போர்ட்' என்று ஒரு பத்திரிகை உண்டு. கடைகளில் எத்தனை தட்டு விற்றது, வானொலியில் எத்தனை முறை ஒலித்தது, காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் பெட்டியில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்து, அது வாரந்தோறும் பட்டியல் போடும். ஆனால் எல்லாருக்கும் ஒரே பட்டியல் இல்லை. கறுப்பின மக்கள் வாங்கும் பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல். 1949 வரை அதற்கு 'இனத் தட்டுகள்' என்றே பெயர். பிறகு அதை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றினார்கள். வெள்ளையர் பெரும்பாலும் கேட்கும் பொதுப் பட்டியல் வேறாக இருந்தது.

தனிப் பட்டியலில் ஒரு பாட்டு நன்றாக ஓடினால், உடனே ஒரு வெள்ளைப் பாடகரை அழைத்து அதே பாட்டைப் பாடவைத்துப் பொதுப் பட்டியலுக்கு அனுப்புவார்கள். அப்படிப் பாடப்பட்ட தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும், முதலில் பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. பாட்டைக் கட்டியவருக்கு மட்டும் தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் தரவேண்டும் என்று 1909-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அப்பா காட்டிய பொடி எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு, வாசகர்களே. அந்த இடத்தில் பெயர் இருந்தால் சோறு, இல்லையென்றால் பட்டினி.

டின்னில் மேலாக இருந்தது பில் ஹேலி குழுவினரின் 'ராக் அரவுண்ட் தி கிளாக்'. 1954 ஏப்ரலில் பதிவான இந்தப் பாட்டு முதலில் பெரிதாகப் போகவில்லை. மறு ஆண்டு 'பிளாக்போர்ட் ஜங்கிள்' என்ற படத்தின் தொடக்கத்தில் அதைச் சேர்த்தார்கள். முரட்டு மாணவர்களிடம் மாட்டிக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியரின் கதை அது. அதில் ஒரு கணித ஆசிரியர் தாம் ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை வகுப்புக்குக் கொண்டுவருவார்; மாணவர்கள் அவற்றை உடைத்து நொறுக்குவார்கள். படத்தைப் பார்த்த இளைஞர்கள் கடைக்கு ஓடினார்கள். 1955 ஜூலையில் அந்தப் பாட்டு முதலிடம் பிடித்து எட்டு வாரம் அங்கேயே நின்றது. ராக் அண்ட் ரோல் உலகத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். ஆனால் ஹேலிக்குச் சில வாரங்களுக்கு முன்பே, சன்னி டே என்பவரின் குழு அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்திருந்தது. இன்று அவர் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

அடுத்த தட்டு, பேட் பூன் பாடிய 'ஏன்ட் தட் எ ஷேம்'. 1955-இல் பொதுப் பட்டியலில் முதலிடம். அடியில் பொடி எழுத்தில் டொமினோ, பார்த்தலமியூ என்று இரண்டு பெயர்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர்களான ஃபேட்ஸ் டொமினோவும் டேவ் பார்த்தலமியூவும்தான் அவர்கள். அதே ஆண்டு டொமினோ தாமே பியானோ வாசித்துப் பாடிய தட்டு தனிப் பட்டியலில் பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்தது. பொதுப் பட்டியலிலோ அவர் பத்தாம் இடத்தைத் தாண்டவில்லை. அவருடைய எந்தப் பாட்டுமே கடைசிவரை அங்கே முதலிடம் பிடிக்கவில்லை. என்றாலும் பொடி எழுத்தில் பெயர் இருந்ததால், பேட் பூன் தட்டு விற்க விற்க இவருக்கும் கூலி வந்தது.

லிட்டில் ரிச்சர்ட் கதையும் இப்படித்தான். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரத்துப் பேருந்து நிலையத்தில் எச்சில் தட்டுக் கழுவிய ஏழைப் பிள்ளை. 1955 செப்டம்பரில் 'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டைப் பதிவு செய்தார். அதையும் பேட் பூன் பாடினார். பொதுப் பட்டியலில் ரிச்சர்ட்டின் தட்டைவிடப் பூனின் தட்டே மேலே ஏறியது. பங்களாக் குசினியில் தட்டுக் கழுவிய என் அப்பாவுக்கு இந்தக் கதை தெரியுமா, தெரியாதா? கேட்டு வைக்காமல் போனேனே என்று இன்று வருந்துகிறேன்.

டின்னில் மூன்று தட்டுகள் எல்விஸ் பிரெஸ்லியுடையவை. அவற்றில் ஒன்று 'புளூ சுவேட் ஷூஸ்'. அடியில் பெர்கின்ஸ் என்ற பெயர். கார்ல் பெர்கின்ஸ் டென்னசி மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். ஆனாலும் அவர் நம்மைப்போல் தோட்டத்துப் பிள்ளைதான். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். சின்ன வயதிலேயே இவரும் பஞ்சு பறித்தார். கித்தார் கற்றுக்கொடுத்தவர், அதே காட்டில் வேலை செய்த ஜான் என்ற கறுப்பின முதியவர்.

பெர்கின்ஸ் தாமே கட்டிப் பாடிய இந்தப் பாட்டு 1956 தொடக்கத்தில் வெளிவந்து பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. தொலைக்காட்சியில் பாட நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. மார்ச் 22-ஆம் தேதி போகும் வழியில் கார் விபத்து. அவர் காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, எல்விஸ் அதே பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார். இன்று அந்தப் பாட்டென்றால் உலகம் எல்விஸைத்தான் நினைக்கிறது.

எல்விஸைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் 1935-இல் டுபெலோ என்ற சிற்றூரில் இரண்டே அறையுள்ள வீட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்து லாரி ஓட்டியவர். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்தில் அவர் பதிவு செய்த முதல் தட்டுப் பாட்டு 'தட்ஸ் ஆல் ரைட்'. அதை 1946-இலேயே கட்டிப் பாடியவர் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர். தாம் பாடும் விதம் கறுப்பின மக்கள் நெடுங்காலமாகப் பாடிவந்த விதம்தான் என்று எல்விஸே 1956-இல் பத்திரிகையாளரிடம் குருடப் பெயரைச் சொல்லிக் கூறியிருக்கிறார். பாடியவர் மறைக்கவில்லை. ஆனால் பணக் கணக்கு எழுதியவர்கள் கொடுக்கவில்லை. பொடி எழுத்தில் பெயர் இருந்தும், உரிய பணம் கைக்கு வராமலே, கூலி வேலை செய்து பிழைத்து, 1974-இல் குருடப் கண் மூடினார்.

இன்னொரு எல்விஸ் தட்டு 'ஹவுண்ட் டாக்'. மறுபக்கத்தில் 'டோன்ட் பி குரூவல்'. 1956-இல் இந்த ஒரே தட்டு பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்தது. லீபர், ஸ்டோலர் என்று அடியில் இரண்டு பெயர்கள். இருவரும் வெள்ளை இளைஞர்கள். பத்தொன்பது வயதில் இந்தப் பாட்டைக் கட்டினார்கள். யாருக்காகக் கட்டினார்கள் தெரியுமா? பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணிக்காக. அவருடைய குரலையும் மிடுக்கையும் பார்த்து, அவருக்கென்றே செய்த பாட்டு அது. 1952 ஆகஸ்டில் அவர் பாடிப் பதிவு செய்தார். மறு ஆண்டு தனிப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். அதற்காகத் தமக்கு ஒரே ஒரு காசோலை, 500 டாலர் மட்டும் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்விஸ் தட்டு இலட்சக்கணக்கில் விற்றபோது அவருக்கு ஒன்றுமில்லை. பெரிய எழுத்திலும் அவர் பெயர் இல்லை. பொடி எழுத்திலும் இல்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை விடுதி ஒன்றில், 57 வயதில் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2024-இல். அப்போது அவர் மறைந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது.

கடைசியாகச் சொல்லப்போவது என் நெஞ்சைத் தொட்ட கதை. சக் பெர்ரி என்ற பாடகர் 1955-இல் சிகாகோவில் 'மேபலீன்' என்ற பாட்டைப் பாடினார். தனிப் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம். பாட்டைக் கட்டியவரும் அவரே. ஆனால் தட்டு அச்சாகி வந்தபோது, பொடி எழுத்தில் அவர் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள்! ஒன்று, ராக் அண்ட் ரோல் என்ற பெயரையே நாடெங்கும் பரப்பிய வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீடு. இன்னொருவர் ரஸ் ஃபிராட்டோ என்ற வியாபாரி. இருவரும் ஓர் அடி எழுதவில்லை. ஃபிரீடு அந்தத் தட்டை வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார். பெயரும் பங்கும் அவருக்குப் போயின. அந்தப் பெயர்கள் நீங்கி, பாட்டு முழுவதும் பெர்ரிக்கே திரும்பி வந்தது 1986-இல். முப்பத்தோர் ஆண்டு!

1977-இல் விண்ணுக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களில், பூமியின் இசை என்று பொன்முலாம் பூசிய தட்டு ஒன்றை வைத்தார்களே, அதில் பெர்ரியின் 'ஜானி பி. குட்' பாட்டும் இருக்கிறது. விண்வெளிக்கே போனவரின் பெயர், ஒரு காகித வட்டத்தில் ஒழுங்காக ஏற அத்தனை காலம் பிடித்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவில் பள்ளிகளுக்கிடையே பாடல் போட்டி நடந்தது. சொந்தமாக இயற்றிய பாடலைத்தான் பாட வேண்டும் என்பது விதி. என் வகுப்பில், ஐந்தாம் ஆண்டில், ஒரு பெண்பிள்ளை இருந்தாள். செம்பனைக் குலை வெட்டுபவரின் மகள். வாய் திறந்து பேசவே கூச்சப்படுவாள். அவள் தன் பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன பாட்டியைப் பற்றிய பாட்டு.

நல்ல பாட்டு என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அவளுக்குக் குரல் எழும்பாதே என்று நினைத்தேன். குரல் வளமுள்ள ஒரு பையனிடம் கொடுத்துப் பாடவைத்தேன். 'நெற்றி விளக்கு' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், மேடைக்கு அழகாக இருக்கட்டும் என்று 'குத்துவிளக்கு' என்று மாற்றினேன். இன்னும் ஓரிரு சொற்களைத் திருத்தினேன். விண்ணப்பத் தாளில் 'பாடியவர்' என்ற இடத்தில் பையனின் பெயர். 'இயற்றியவர்' என்ற இடத்தில்... என் பெயரைப் போட்டேன், வாசகர்களே. நான்தானே திருத்தினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் பரிசு கிடைத்தது. பள்ளி ஆண்டு மலரில் என் படமும் பையனின் படமும் வந்தன. அந்தப் பெண்பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பையன் மேல் குற்றமில்லை. பாடு என்றேன், பாடினான். குற்றம் தாளில் பெயர் எழுதிய கையின் மேல். ஃபிரீடு என்ற பெயரைப் படித்தபோது என் கை எனக்கே தெரிந்தது. 'பொடி எழுத்தையும் படிக்கணும்' என்று மடியில் வைத்துச் சொன்ன அப்பாவின் குரலும் கேட்டது.

மறு வாரமே அவளைத் தேடிப் போனேன். இப்போது பத்தொன்பது வயது. பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் காசாளராக இருக்கிறாள். மதிய ஓய்வு நேரத்தில் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து பேசினோம். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி அந்த மலரை வாங்கிப் பார்த்தாங்க சார். எம்பேரு எங்கன்னு கேட்டாங்க. அச்சுல விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு ஆண்டுக்கு முன் தவறிவிட்டாராம். பாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சன்னக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி, முழுப் பாட்டையும் பாடினாள். நான் திருத்திய இடங்கள் வந்தபோது, தான் எழுதியபடியே பாடினாள். 'நெற்றி விளக்கு' என்றுதான் பாடினாள். இருட்டில் மரத்துக்கு மரம் நகரும் அந்தச் சின்ன வெளிச்சம் என் கண் முன்னே வந்தது. குத்துவிளக்கில் அது வரவில்லை என்பதை எட்டு ஆண்டு கழித்துத்தான் இந்த வாத்தியார் கற்றுக்கொண்டேன்.

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த ஆண்டுப் பள்ளி மலரில் பாட்டை அவள் எழுதியபடியே, அவள் பெயரோடு வெளியிட்டோம். அடியில் என் பிழையையும் இரண்டு வரியில் எழுதினேன். ஒரு படியை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். வாங்கி, முதலில் பெயர் இருந்த இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தாள். என் அப்பா தட்டின் நடுவிலிருந்த காகித வட்டத்தைத் தடவிப் பார்ப்பாரே, அதேபோல்.

ஆனால் அவள் பாட்டிக்கு யார் போய்க் காட்டுவது?

வாசகர்களே, உங்களில் பலர் ஆசிரியர்கள், பலர் கோயில் விழாவும் இளைஞர் மன்ற நிகழ்ச்சியும் நடத்துபவர்கள், எல்லாருமே பெற்றோர்கள். அழைப்பிதழோ ஆண்டு மலரோ அச்சுக்குப் போகும்முன், யார் பெயர் விட்டுப்போனது என்று ஒரு முறை பாருங்கள். பெரிய எழுத்தில் யாரை வேண்டுமானாலும் போடுங்கள். பொடி எழுத்தில் போடவேண்டியவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்காக வீட்டில் ஒரு கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடும்.